தொண்ணூற்றேழு மார்க்கும் மூன்றாம் குரூப்பும்

கணக்கில் தொண்ணூற்றேழு மார்க் வாங்கியது என் தப்புதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒழுங்காக நாற்பதோ நாற்பத்தைந்தோ வாங்கியிருந்தால் 1986 ஜூன் மாதத்தில் அப்பாவும் நானும் தர்மபுரிக்கு அத்தனை தடவை பஸ் ஏறியிருக்க வேண்டாம். ஒரு பாவப்பட்ட கிராம அலுவலரைப் பெருக்கல் கணக்குப் போட வைத்திருக்கவும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது இன்னும் நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் வகுப்புக்கு மூன்று குரூப் இருந்தது. முதல் குரூப்பில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும். இரண்டாம் குரூப்பில் கணக்கு கிடையாது, உயிரியல் உண்டு. மூன்றாம் குரூப்பில் அக்கவுண்டன்ஸி, வணிகவியல், பொருளாதாரம். யாரை எதில் போடுவது என்பதற்கு ஒரு விதி, தலைமையாசிரியர் அறை வாசலில் தகரப் பலகையில் எழுதித் தொங்கியது. பத்தாம் வகுப்புக் கணக்கில் எழுபதுக்கு மேல் என்றால் முதல் குரூப். ஐம்பதிலிருந்து எழுபது வரை இரண்டாவது. ஐம்பதுக்குக் கீழே மூன்றாவது. அதாவது கூட்டினால் தப்பு வருகிறவர்கள் மட்டும் அக்கவுண்டன்ஸி படிக்கலாம். இந்த விதியை எட்டு வருடமாக எல்லோரும் படித்துவிட்டு, பிள்ளையின் டி.சி.யைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் ஓவிய வாத்தியார் சுவரிலேயே ஒரு படம் வரைந்திருந்தார். முதல் குரூப்பிலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பி, தலையில் தொப்பி வைத்த இன்ஜினியரிடம் போய் நின்றது. இரண்டாம் குரூப் அம்பு டாக்டரிடம் போனது. மூன்றாம் குரூப் அம்பு போகும் வழியில் சன்னல் வந்துவிட்டது. வாத்தியார் அதோடு விட்டுவிட்டார்.

எனக்கோ ஆடிட்டர் ஆக வேண்டும். ஆசைக்குக் காரணம் இருக்கிறது. இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த லீவில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு ராணியம்மாள் என்று ஒரு ஆடிட்டர் அம்மா வந்தார். நூல் புடவை, ரப்பர் செருப்பு, ஒரு துணிப்பை. சொசைட்டித் தலைவர் நடந்து வந்தால் ஊரே வழிவிடும். அந்த அம்மா பால் அளவுப் புத்தகத்தை அரைமணி நேரம் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க தலைவரே, எல்லார் மாடும் ஒரே அளவா கறக்குது. உங்க மாடு மட்டும் மாசக் கடைசி ஆனா நாலு லிட்டர் கூடக் கறக்குதே, அதுக்குத் தேதியெல்லாம் தெரியுமா?"

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அவர் தண்ணீர் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். ராணியம்மாள் பின்னாலேயே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஓடி, உங்களை மாதிரி ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். "பிளஸ் ஒன்ல மூணாம் குரூப் எடு கண்ணு. அப்பத்தான் பி.காம். சீட்டு சுளுவா கெடைக்கும். அப்புறம் ஒரு ஆடிட்டர்கிட்ட மூணு வருசம் வேலை கத்துக்கிட்டே சி.ஏ. பரீட்சை எழுது. கணக்கு மட்டும் நல்லா வரணும், பார்த்துக்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி ஒரு வருடம் விழுந்து விழுந்து கணக்குப் போட்டேன். அங்கேதான் கெட்டேன்.

குரூப் ஒதுக்கீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைமையாசிரியர் ராஜாமணி. வலது பக்கம் கணக்கு வாத்தியார் கிருஷ்ணப்பன். முதல் குரூப்பின் ரிசல்ட்டுக்கு அவர்தான் பொறுப்பு. இடது பக்கம் எழுத்தர் சென்னப்பன், முன்னால் மேசை அகலத்துக்குச் சேர்க்கைப் பதிவேடு. நாங்கள் உள்ளே போனதும் கிருஷ்ணப்பன் சார் என் மார்க் ஷீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் சென்னப்பன் சார் பக்கம் திரும்பி, "ராஜமேரி, தகப்பன் பேரு சவரி. முதல் குரூப். எழுதுங்க" என்றார். சென்னப்பன் சார் எழுதினார்.

"சார், எனக்கு மூணாம் குரூப்புங்க" என்றேன்.

ராஜாமணி சார் மார்க் ஷீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தொண்ணூத்தேழா, முப்பத்தேழா?"

"தொண்ணூத்தேழுங்க சார்."

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்ப்பா சவரி, வூட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?"

"இல்லீங்க சார், எல்லாரும் சவுக்கியங்க."

"அப்புறம் ஏன் புள்ள இப்பிடிப் பேசுது?"

"ஆடிட்டர் வேலைக்குப் போவணும்னு சொல்லுதுங்க. அதுக்குக் கணக்கு நல்லா வரணுமாம். இதுக்குத்தான் வருதேன்னு கூட்டியாந்தனுங்க."

கிருஷ்ணப்பன் சார் சிரித்தார். "யோவ், கணக்குக்கும் அக்கவுண்டன்ஸிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ராஜாமணி சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படிச் சாய்ந்தால் சொற்பொழிவு வரும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"இங்க பாரும்மா. நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு ஒழுங்கு இருக்கு. புத்தி இருக்கற புள்ளைங்களுக்கு முதல் குரூப். ஓரளவு இருந்தா ரெண்டாவது. மூணாவது குரூப் எதுக்குன்னு கேட்டியானா, அது அரசாங்கத்தோட கருணை. ஒண்ணுமே வராத புள்ளைங்களும் எங்கியாவது ஒரு பெஞ்சுல உக்காரணும் இல்லியா? பாடத்துக்கு வாத்தியார்கூட நாம போடலை. டிரில் மாஸ்டர்தான் பார்த்துக்கறார். அவ்வளவு ஏழைப்பட்ட எடத்துல போயி, எல்லாம் இருக்கற நீ பங்கு கேக்கலாமா? தர்மமா சொல்லு."

"அப்ப ஆடிட்டருங்க எல்லாம் எங்கிருந்து சார் வர்றாங்க?"

"மெட்ராஸ்ல இருந்து" என்றார் சென்னப்பன் சார், தலையை நிமிர்த்தாமல்.

கிருஷ்ணப்பன் சார் எனக்கு நல்ல வழி காட்டினார். "முதல் குரூப் படி. இன்ஜினியர் ஆவு. முப்பது வருசம் சர்வீஸ் போடு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஆசையா இருந்தா ஏதாச்சும் சொசைட்டில போயி எழுதிக் குடு, யாரு வேண்டாங்கறா? தொண்ணூத்தேழைத் தூக்கி அந்தப் பக்கம் குடுத்துட்டா என் ரிசல்ட் என்னத்துக்கு ஆவறது?"

அப்பா எதற்கும் கோபப்படவில்லை. கைகட்டி நின்றபடியே கேட்டார். "மூணாவதுல சேர என்ன வழிங்க சார்?"

வழி இருந்தது. கணக்கில் திறன் குறைவு என்று கிராம அலுவலரிடம் சான்று வாங்கி வர வேண்டும். மூன்றாம் குரூப்பில் மொத்தம் நாற்பது இடம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவேடு மேலலுவலகத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது.

மூன்றாம் குரூப் உள்ள அடுத்த பள்ளிக்கூடம் எங்களுக்குத் தெரிந்து சேலத்தில் இருந்தது. சேலத்தில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைக்க அப்பாவிடம் என்ன இருந்தது? ஒரு ஏக்கர் தக்காளியும் வானத்தைப் பார்க்கிற கேழ்வரகும். இங்கே கிடைத்தால் ஆடிட்டர். கிடைக்காவிட்டால் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவும் நானும் இதைப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்குப் பேச வேண்டும்?

எங்கள் கிராம அலுவலர் நல்ல மனிதர். இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, மாடு செத்ததற்குச் சான்று எல்லாம் கொடுப்பார். இதைக் கேட்டதும் பெட்டியைத் திறந்து எல்லாப் படிவங்களையும் தேடிப் பார்த்தார். "இதுக்கு ஃபாரமே வரலியே சவரி" என்று வருத்தப்பட்டார். ஆனாலும் வந்தவர்களை வெறுங்கையாக அனுப்ப மனமில்லை. நேரில் விசாரித்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, என்னை முன்னால் கூப்பிட்டார்.

"இருபத்தேழையும் எட்டையும் பெருக்கினா எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாறுங்க."

அவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "இருநூத்தி ஆறுதான் வருது. நீ சொன்னது தப்பு!" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான். இரண்டு பேரும் அவரைக் கும்பிட்டோம். அவர் பேனாவைத் திறந்து 'மேற்படி மாணவிக்கு' என்று எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் பெருக்கிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இருநூத்திப் பதினாறுதான். ஏம்மா, ஒரு தடவையாச்சும் தப்பாச் சொல்லக் கூடாதா?"

பிறகு அக்கம்பக்கத்தில் சாட்சி இருந்தால் எழுதலாம் என்றார். பக்கத்து வீட்டு மிக்கேலம்மாளைக் கூப்பிட்டோம். இந்தப் பெண் கணக்கில் தப்புச் செய்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மிக்கேலம்மாளுக்கு வந்ததே கோபம்!

"என்னாது? போன தை மாசம் எம் மவன் கல்யாணத்துக்கு எத்தினி படி அரிசி போடணும், எத்தினி கிலோ கறி எடுக்கணும்னு இந்தப் புள்ளதான் சொல்லுச்சு. முந்நூறு பேரு தின்னாங்க. ஒருத்தருக்குப் பத்தாமப் போவல, ஒரு குண்டான் மிஞ்சல. ஞாயித்துக்கிழமை கோயில் பூசையில நன்மை அப்பம் வாங்கற வாயிங்க இது. இந்தப் புள்ளைக்குக் கணக்கு வராதுன்னு நான் சொன்னா மாதா என்னைச் சும்மா வுடுவாங்களா? ஏன் சவரி, உனக்கென்ன கேடு வந்துச்சு, பெத்த புள்ள மேலயே பிராது குடுக்கற?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் கிராம அலுவலர் இப்படி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்: 'மேற்படி மாணவிக்குக் கணக்கு வராது என்பதை உறுதி செய்யவோ மறுக்கவோ இவ்வலுவலகத்தில் ஆவணம் இல்லை.'

அதைக் குழு மூன்று முறை படித்தது. ராஜாமணி சார், "இது நல்ல சர்டிஃபிகேட்தான். எந்தப் பக்கமும் பேசலை. இப்பிடி எழுத எல்லாருக்கும் வராது" என்று கிராம அலுவலரைப் பாராட்டினார். ஆனால் செல்லாது என்றார். கிருஷ்ணப்பன் சாருக்கு ஒரு யோசனை வந்தது. குழுவே ஒரு தேர்வு வைக்கும். திறன் குறைவுத் தேர்வு. பத்துக் கேள்வி, நூறு மார்க். ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் மூன்றாம் குரூப். எந்தக் கேள்வியையாவது எழுதாமல் விட்டால் அது ஒத்துழையாமை, விண்ணப்பம் தள்ளுபடி.

புதன்கிழமை காலை. கேள்வித்தாளைத் தயாரித்தவர் கிருஷ்ணப்பன் சார். எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தவரும் அவர்தான். திருத்தப் போகிறவரும் அவரே. "நல்லா எழுதும்மா" என்றார். இப்படி வாழ்த்தி என்னை யாரும் பயமுறுத்தியதில்லை.

முதல் கேள்வி, ஒரு உருளையின் கன அளவு. ஆரம் ஏழு, உயரம் பத்து. பழக்க தோஷம், கை தானாகச் சூத்திரத்தை எழுதிவிட்டது. பதறிப்போய் அடித்தேன்.

"அடிச்சாலும் படிக்கற மாதிரி இருந்தா ஸ்டெப் மார்க் உண்டும்மா" என்றார் அவர் அன்பாக.

ஸ்டெப் மார்க்கை நான் மறந்துவிட்டேன். விடை தப்பாக இருந்தாலும் வழி சரியாக இருந்தால் பாதிக்கு மேல் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் வழியே காட்டக் கூடாது. வெறும் விடை மட்டும் எழுத வேண்டும், அதுவும் தப்பாக. தப்பு விடை என்றால் எந்தத் தப்பு? ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது என்று கண் முன்னால் சரியான விடை நிற்கும்போது வேறு எண் எதுவும் மனதில் வரமாட்டேன் என்கிறது. அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூளையைப் போட்டு உலுக்கியதில், சரியான விடையோடு ஏழைக் கூட்டி எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு. அடுத்ததற்கும் ஏழு. அதற்கடுத்ததற்கும் ஏழு. பத்தும் முடிந்தது. பத்தும் தப்பு. வெளியே வந்து அப்பாவிடம், "எல்லாமே தப்பாப் போட்டுட்டம்ப்பா" என்றேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் முடிவு. கிருஷ்ணப்பன் சார் சிவப்பு மை பேனாவோடு நின்றுகொண்டே படித்தார்.

"பத்துக் கேள்விக்கும் விடை தப்பு."

அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆனா பத்துலயும் சரியா ஏழு கூட இருக்கு. சரியான விடை எதுன்னு தெரிஞ்சவங்களாலதான் பத்துத் தடவையும் சரியா ஏழு கூட எழுத முடியும். மக்குப் புள்ளைங்க தப்புல இப்பிடி ஒரு ஒழுங்கு இருக்காது. என் பதினெட்டு வருச அனுபவத்துல இவ்வளவு சுத்தமா ஒருத்தரும் தப்புப் பண்ணுனதில்லை. அதனால பத்துக்கும் முழு மார்க். நூத்துக்கு நூறு."

பரீட்சையில் விட்டுப்போன மூன்று மார்க்கும் வந்து சேர்ந்துவிட்டது. ராஜாமணி சார் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சந்தோசப்படணுங்களா சார்?" என்று அப்பா கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, குழு கடைசியாகக் கூடி முடிவு சொல்லும், காத்திருங்கள் என்றார்கள். முடிவு என்னவென்று அந்த வராந்தாவில் இருந்த தண்ணீர்ப் பானைக்குக்கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பொட்டலத்திலேயே இருந்தது. அப்பா இரண்டு தடவை, "முதல் குரூப்பும் நல்லதுதான் போல மேரி" என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு உள்ளே சத்தம் ஆரம்பித்தது. கதவு திறந்துதான் இருந்தது. சென்னப்பன் சார் மூன்று குரூப்பையும் எழுதி முடித்துவிட்டார். முதல் குரூப்பை மட்டும் முதல் நாளிலிருந்தே கிருஷ்ணப்பன் சார் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். மற்ற இரண்டையும் அன்று காலைதான் விண்ணப்பக் கட்டைப் பார்த்து எழுதினார். இப்போது கூட்டிப் பார்த்தால் விண்ணப்பங்கள் நூற்று நாற்பது, பதிவேட்டில் பெயர்கள் நூற்று நாற்பத்தொன்று.

"திரும்பக் கூட்டுய்யா" என்றார் ராஜாமணி சார்.

திரும்ப நூற்று நாற்பத்தொன்று. கிருஷ்ணப்பன் சார் பதிவேட்டைப் பிடுங்கித் தானே கூட்டினார். நூற்று முப்பத்தொன்பது வந்தது. ராஜாமணி சார் கூட்டினார். அவருக்கு நூற்று நாற்பத்தைந்து. மூன்றையும் வைத்துச் சராசரி எடுக்கலாமா என்றுகூட ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். நாலே கால் ஆனது. பதிவேட்டை எடுத்துப்போக மேலலுவலகத்துப் பியூன் சைக்கிளில் வந்து, வாசலில் பையோடு நின்றார்.

நான் எழுந்து உள்ளே போனேன். அப்பா, "மேரி, மேரி" என்று பின்னாலேயே வந்தார்.

"சார், நான் பார்க்கட்டுங்களா?"

"நீயா? நீ வெளிய இரு" என்றார் கிருஷ்ணப்பன் சார்.

ராஜாமணி சார் கடிகாரத்தைப் பார்த்தார். பியூனைப் பார்த்தார். "பார்க்கட்டும் வுடுங்க" என்றார்.

நான் கூட்டவே இல்லை. சென்னப்பன் சாரை விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் படிக்கச் சொன்னேன். படிக்கிற பெயரைப் பதிவேட்டில் தேடிப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். "பென்சில் மட்டுந்தாம்மா" என்று அவர் பதறினார். "மை பட்டுச்சுன்னா போச்சு. மையில எழுதுனதை அடிச்சாக் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கணும், அடிச்சதை மறுபடி எழுதணும்னா மேல இருந்து உத்தரவு வரணும். மூணு மாசம் ஆவும். என் உத்தியோகம் போயிரும்."

நாலரைக்குக் கட்டு முடிந்தது. நூற்று நாற்பது விண்ணப்பம், நூற்று நாற்பது புள்ளி. புள்ளி விழாத பெயரைத் தேடினேன். முதல் குரூப்பில் இருபத்திரண்டாம் வரிசையில் இருந்தது. ராஜமேரி, தகப்பன் பெயர் சவரி.

என் பெயர்தான். சென்னப்பன் சார் என் விண்ணப்பத்தைப் படித்தபோது, அந்தப் பெயரை மூன்றாம் குரூப்பில் பார்த்துப் புள்ளி வைத்திருந்தேன். விண்ணப்பத்தில் நான் மூன்று என்று எழுதியிருந்ததால் அவர் காலையில் அதைப் பார்த்து அங்கேயும் எழுதிவிட்டார். நான் இரண்டு குரூப்பிலும் இருந்தேன்.

கண்டுபிடித்தேன் என்று வாயைத் திறந்தால் போதும், கிருஷ்ணப்பன் சார் மூன்றாம் குரூப்பில் இருக்கிற பெயரை அடித்துவிடுவார். திறக்காவிட்டால் அவர்களே தேடிப் பார்த்து அதையேதான் செய்வார்கள். மேசை மேல் சென்னப்பன் சாரின் மை பேனா மூடி திறந்தபடி கிடந்தது.

எடுத்தேன். முதல் குரூப்பில் இருபத்திரண்டாம் வரிசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடாக அடித்தேன்.

"ஐயோ!" என்றார் சென்னப்பன் சார்.

"நான் ரெண்டு எடத்துல இருந்தேன் சார். ஒண்ணு போயிருச்சு. இப்ப அறுபது, நாப்பது, நாப்பது. நூத்தி நாப்பது சரியா வரும்" என்றேன்.

"திரும்ப எழுதுங்க! அந்தப் பேரைத் திரும்ப எழுதுங்கய்யா!" என்று கிருஷ்ணப்பன் சார் கத்தினார்.

"அடிச்சதை எழுத விதி இல்லீங்களே சார். உத்தரவு வரணும்" என்றார் சென்னப்பன் சார்.

"அப்ப மூணாம் குரூப்புல இருக்கறதை அடிங்க!"

"அதை அடிச்சா நூத்தி முப்பத்தொம்பது ஆயிரும் சார்."

ராஜாமணி சார் தானே கூட்டிப் பார்த்தார். இந்த முறை நூற்று நாற்பது வந்தது. அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "டேலி ஆயிருச்சு. வுட்டுரு கிருஷ்ணப்பா" என்றார். நான் மூன்றாம் குரூப்பில் சேர்ந்துவிட்டேன் என்று எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

ஆனால் பெயர் அடிபட்ட வரிசைக்கு எதிரே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏன் அடித்தோம் என்று அதில் காரணம் எழுத வேண்டும். தகப்பனார் கையெழுத்தும் வேண்டும். ராஜாமணி சார் சொல்ல, சென்னப்பன் சார் எழுதினார்: 'மாணவி கணக்கில் மிகவும் பின்தங்கியவர் என்பது தேர்வு வைத்து உறுதி செய்யப்பட்டதால், தகப்பனாரின் வேண்டுகோளின்படி மூன்றாம் குரூப்.'

பதிவேட்டை அப்பா பக்கம் திருப்பினார்கள். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மணி நாலு ஐம்பது.

"பின்தங்கியவர்னா என்னாங்க சார்?"

"கணக்கு வராத புள்ளைன்னு அர்த்தம். சும்மா எழுதறதுப்பா. போடு."

"பொய்யா எழுதியிருக்குதுங்களே."

"பொய்யின்னு ஏன்ப்பா நெனைக்கற? இது காரணம். காரணம் எழுதணும்னு விதி இருக்கு. அது உண்மையா இருக்கணும்னு விதி கிடையாது. முப்பது வருச சர்வீஸ்ல நான் எழுதின காரணத்தையெல்லாம் உண்மையா பொய்யான்னு பார்த்துட்டு உக்காந்திருந்தா, இந்த நாற்காலிக்கு வந்திருப்பனா சொல்லு."

அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எம் புள்ளய மக்குன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டனுங்க சார்."

ஒரு வாரமாக எல்லோருக்கும் கைகட்டி நின்றவருக்கு, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீம்பு வந்துவிட்டது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டியது. எத்தனை பேரைத் தாண்டி வந்தேன், கடைசியில் என் அப்பாவையுமா தாண்ட வேண்டும்? "அப்பா, போடுங்கப்பா. யாரு படிக்கப் போறாங்க? போடுங்கப்பா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பன் சார் சுவரில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐந்து அடித்தால் போதும். பியூன் தொண்டையைச் செருமினார்.

நாலு ஐம்பத்தைந்துக்கு அப்பா பேனாவை மறுபடி எடுத்தார். பதிவேட்டின் மேல் நன்றாகக் குனிந்துகொண்டார். முதுகும் தோளும்தான் எங்களுக்குத் தெரிந்தன. சவரி என்று மூன்று எழுத்து. அதற்கு ஒரு யுகம் ஆனது.

"கையெழுத்துப் போட இவ்வளவு நேரமாப்பா?" என்றார் ராஜாமணி சார்.

"எழுதிப் பழக்கம் இல்லீங்க சார்" என்றார் அப்பா. கையோடு பதிவேட்டை மூடிப் பியூனிடம் கொடுத்தார். பியூன் அதைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஐந்து மணி அடித்தது.

பஸ்ஸில் புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். "கையெழுத்துத்தானப்பா போட்டீங்க?" என்று கேட்டேன். "ஆமா, வேறென்ன?" என்றார்.

ஒரு மாதம் கழித்துப் பதிவேடு மேலலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. கூட்டல் என்றால் அப்போதெல்லாம் சென்னப்பன் சார் என்னைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கும் மூன்றாம் குரூப் வகுப்பிலிருந்து என்னை வரச்சொல்லி, பதிவேட்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் முதல் குரூப் பக்கத்தைத் திருப்பி, இருபத்திரண்டாம் வரிசையைப் பார்த்தேன். எனக்குக் கணக்கு வராது என்று எழுதியிருந்த காரணத்துக்குக் கீழே, கட்டம் நிரம்பி வழிய, அப்பாவின் கோணல் எழுத்து.

'மேலே எழுதினது பொய். எம் மகள் தொண்ணூற்றேழு. இப்படிக்கு சவரி.'

அதன் மேலேயே ஊதா மையில் மேலலுவலகத்து முத்திரை. இரண்டு அதிகாரிகள் தேதியோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முத்திரையில் இருந்தது: 'ஒவ்வொரு வரியும் படித்துச் சரிபார்க்கப்பட்டது. அனைத்தும் உண்மை.'